பதினோரு யோசிகன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், என் வலது முழங்கால் மட்டும் தனியாகக் கோபித்துக்கொண்டு மாடிப்படி ஏற வர மாட்டேன் என்கிறது, அதையும் தாஜா செய்து கூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல் நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. உன் பேர் அங்கே ஆபீசில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை, போனில் எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவன் வைத்துவிடுகிறான், அதனால் ரிக்கி என்று மாற்றிக்கொள்ளப் போகிறேன், பிறப்புப் பதிவில் மாற்றுவதற்கு நீங்கள் போய்ப் படிவம் கொடுங்கள் என்று எழுதியிருந்தாய். மாற்றுவதற்கு முன்னால் பழைய பேரின் அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்தது என்று ஒருதடவை சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், எந்தப் பேர்ப் பட்டியலிலும் கிடைக்கவில்லை என்றும் கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால் எழுதுகிறேன், சிரிப்பதாக இருந்தால் பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் படி. கண்ணு, இருபத்தெட்டு வருஷமாக உன்னிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். யோசிகன் என்று ஒரு ராஜாவும் கிடையாது. நம் வம்சத்தில் அப்படி ஒரு பேரும் கிடையாது. ஊர் உலகத்திலேயே அப்படி ஒரு வார்த்தை கிடையாது.

நடந்தது இதுதான். நீ பிறந்து ஒன்பது நாள் ஆகியும் உனக்குப் பேர் வைக்கவில்லை. நான் ஒன்று சொன்னால் உன் அப்பா மூக்கைச் சுளிப்பார், அவர் ஒன்று சொன்னால் எனக்கு அந்தப் பேரில் ஏற்கனவே ஒரு வாத்தியாரிடம் அடி வாங்கிய ஞாபகம் வரும். பத்தாம் நாள் பதிவு அலுவலகத்தில் பிறப்பைப் பதிய அவர் போனார். முதல் நாள்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள், கன்னம் பன் மாதிரி வீங்கி, வாய்க்குள் பஞ்சு. அங்கே எழுத்தர் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார், பேசுவதற்கு ஒரு சின்ன ஓட்டை, தலைக்கு மேல் லொடலொடவென்று ஒரு மின்விசிறி. குழந்தை பேர் என்ன என்று அவர் கேட்டிருக்கிறார். இவர் பஞ்சுக்கு நடுவில் “யோசிக்கணும்” என்றிருக்கிறார். அவர் யோசிகன் என்று எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். உன் அப்பா மடித்த காகிதத்தை மடித்தபடியே சட்டைப் பையில் வைத்து, பல்வலியோடு லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு நாள் கழித்துச் சட்டையைத் துவைக்கப் போடும்போதுதான் நான் பிரித்துப் படித்தேன். சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் எதிர்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, அடடா, எவ்வளவு ஆழமான பேர், எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் எப்படி உண்மையைச் சொல்வது. அப்பாவைக் காட்டி, இவர்தான் பழைய புத்தகமெல்லாம் புரட்டித் தேடினார் என்றேன். அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். மூன்றாம் வகுப்பில் என் பெயரின் பொருள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்களே, அன்றைக்குத்தான் யோசித்துத் தீர்ப்புச் சொல்லும் அரசன் என்பதை வெங்காயம் நறுக்கிக்கொண்டே நான் செய்தேன். நீ அதை மேடையேறி வாசித்தாய், எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காது மடல் இரண்டும் சுட்டது.

இது நம் வீட்டோடு போய்விட்டது என்றுதான் இருந்தேன். என் வேலைதான் உனக்குத் தெரியுமே, பள்ளிக்கூடச் சட்டைப் பையில் பேர் தைத்துத் தைத்து எந்த வருஷம் எந்தப் பேருக்கு மவுசு என்று என் தையல் மிஷினுக்கே தெரியும். ஒரு காலத்தில் ஒரே வகுப்பில் ஒன்பது பையன்களுக்கு ஒரே பேர், அட்டவணையைப் பார்க்காமலே தைப்பேன். ஆனால் உன் சட்டையைத் தவிர வேறெந்தச் சட்டையிலும் உன் பேரைத் தைத்தது கிடையாது. போன மாதம் புதுப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பட்டியல் வந்தது. பதினேழாவது பேர், யோசிகன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருபத்து மூன்றாவதும் யோசிகன். கடைசிக்கு முந்தினது நல்யோசிகன். யோ என்றால் இரட்டைக்கொம்பு, ஒரு கால், அதை மூன்று சட்டையில் வரிசையாகத் தைக்கும்போது ஒரு கொம்பு கோணலாகப் போய்ப் பிரித்துத் தைத்தேன்.

சட்டையை வாங்க வந்த ஒரு அம்மாவை உட்கார வைத்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அழகான பேராக இருக்கிறதே, என்னம்மா அர்த்தம் என்றேன். நிலவைப் போலக் குளிர்ந்தவன், அவர் பாட்டனார் காலத்துப் பேர் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். இன்னொருத்தி வந்தாள், அவளுக்கு அது யானைப் படைத் தளபதி. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, நூல் அறுந்த மாதிரி குனிந்துகொண்டேன். நல்யோசிகனின் அம்மா மட்டும் கொஞ்சம் வெகுளி. அவளிடம் நேராகவே, பதிவு அலுவலகத்துக்கு யாரம்மா போனது என்று கேட்டேன். அவர்தான் போனார் என்றாள். போய் என்ன சொன்னாராம் என்றேன். அவள் தையல் மிஷினைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், “நல்லா யோசிக்கணும்னு சொல்லியிருக்காருக்கா” என்றாள். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம், கடை முதலாளி எட்டிப் பார்த்து யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அவள் போனபிறகு ஒரு விஷயம் எனக்குத் தோன்றியது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். மற்றவர்கள் கடையில் தயாராகக் கிடைக்கிற சட்டை மாதிரி ஒரு பேரை எடுத்து வைத்துவிடுகிறார்கள், எங்களுக்கு உன் விஷயத்தில் அப்படி எந்தப் பேரும் போதவில்லை. ஒன்பது நாள் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து இது வேண்டாம், இது இவனுக்குக் குறைச்சல் என்று தள்ளிக்கொண்டே இருந்தோம். உன் அப்பா அங்கே சொன்னது பேர் இல்லை என்றாலும் பொய் இல்லை. உன் பேருக்கு அர்த்தம் கேட்டாயே, அதுதான் அர்த்தம். அதற்காக நீ மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை, உன் வாய், உன் போன், உன் ஆபீஸ். ஆனால் ரிக்கி என்பது கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிற பேர் மாதிரி இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடி பிறப்புப் பதிவில் பேர் மாற்ற நானும் அப்பாவும் போன மாதக் கடைசியில் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அதே கண்ணாடி, அதே ஓட்டை, அதே எழுத்தர், தலை மட்டும் வெளுத்துவிட்டது, அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறாராம். உன் பேரைப் பார்த்ததும் மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மொத்தம் பதினோரு பேர், உங்கள் பையன்தான் முதல், என் கையாலேயே எழுதினேன் என்று பெருமையாகச் சொன்னார். முதலில் எழுதிய பேர் காதில் தங்கிவிட்டதாம், அப்புறம் பாதி சொல்லும்போதே புரிந்துவிடுமாம், பெண் குழந்தை என்றால் யோசிகா என்று அவரே திருத்திக்கொள்வாராம். “இந்தப் பேர் வைக்கிற அப்பாங்க எல்லாம் ரொம்ப அடக்கமானவங்கம்மா, வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்படுவாங்க” என்றார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன், அவர் அடக்கமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றப் போகிறீர்களா, ஏனம்மா, நல்ல பேராயிற்றே என்று எழுத்தர் கேட்டபோது பையன் ஆசைப்படுகிறான் என்று மட்டும் சொன்னேன். படிவத்தை நான் நிரப்புகிறேன் என்றேன், உன் அப்பா விடவில்லை. நான்தான் கெடுத்தேன், நானே சரி செய்கிறேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு முத்துமுத்தாக எழுதினார், இந்தத் தடவை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மற்றபடி உன் தங்கைக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, அதற்குள் என்னிடம் மேலதிகாரி மாதிரி பேசுகிறாள். குழாய் ஒழுகுவதை அப்பா சரி செய்தார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நீ கழுத்து வலி என்று எழுதியிருந்தாய், அந்த உயரத் தலையணையைத் தூக்கிப் போடு. ஒரு சட்டை தைத்து அனுப்புகிறேன், பையில் பேர் தைக்கவில்லை, நீ சொன்ன பிறகு தைத்துக்கொள்ளலாம். யோசித்து எழுது, அவசரம் இல்லை.

எந்தப் பேரில் இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச, மனசு நிறைந்து இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் கடிதம் போடும்போது உறையின் மேல் அப்பாவின் பழைய பேரை எழுத வேண்டாம். படிவத்தில் தற்போதைய பெயர் என்ற இடத்தில் அவர் தன் பேரை எழுதியிருக்கிறார், புதிய பெயர் என்ற இடத்தில் நீ சொன்னதை எழுதியிருக்கிறார், போன செவ்வாய்க்கிழமை முத்திரையோடு வந்துவிட்டது. தபால்காரர் கறாரான ஆள், ரிக்கி என்று எழுதினால்தான் கொடுப்பார். உன் பேர் இருந்தபடியே இருக்கிறது. இனிஷியல் மட்டும் இனி ‘ரி’ என்று எழுத்தர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா