முயலுக்கும் எனக்கும் ரத்த சொந்தம்

ஜூன் 3
இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த வீட்டின் இளைய வாரிசுக்கு இன்றோடு பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. விழாவை முன்னிட்டு அவர் குளிக்கவும் செய்தார்.

அம்மா கேக்கைத் தொடவில்லை. அவளுக்கு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தில் கோளாறு. காய்ச்சல் பார்ப்பது அம்மா. தெர்மாமீட்டரை வாயில் வைப்பதில்லை. அதற்கு மேல் எழுத எனக்கே கூச்சம்.

“இனிமே முயலத் தொட மாட்டேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்” என்றாள். அப்பா வாயில் வைத்த கேக்கை விழுங்க மறந்தார்.

ஜூன் 5
கணக்குத் தேர்வு. ஆகவே எனக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரை டீயில் முக்கினேன். அப்பா பதறிப்போய் மாத்திரையை நீட்டினார், நான் விழுங்கும்வரை நகரவில்லை. கலைஞனுக்கு இதெல்லாம் சகஜம்.

சாயங்காலம் அம்மா தெர்மாமீட்டரை முகர்ந்து பார்த்தாள். “காய்ச்சல்ல ஏலக்கா வாசன வருதே?”

திட்டுவாள் என்று பார்த்தால், உட்கார்ந்துவிட்டாள். “முயலுக்கு இந்தத் தில்லுமுல்லெல்லாம் தெரியாதுடா. அசையாம புடிச்சு வச்சாலே பயத்துல ஒடம்பு சுடும்.”

அழுகிறாளா என்ன? ஏன் திட்டவில்லை?

ஜூன் 7
மேனேஜர் இறங்கி வந்திருக்கிறார், பாதிப் படி மட்டும்.

அம்மா சொல்வது இதுதான்: முயல் வேண்டாம். மனிதர் கொடுக்கும் ரத்தத்தில் துளி மருந்தைக் கலந்தால் போதும், மருந்து கெட்டிருந்தால் வெள்ளையணுக்களே காட்டிக்கொடுத்துவிடும். சரி, நிரூபி என்றாராம். வரிசையாகப் பாட்டில்கள் தருவார், ஒன்றை மட்டும் அவரே கெடுத்து வைத்திருப்பார். கண்டுபிடித்தால் முயல் சோதனை மூட்டை கட்டும். இல்லையென்றால் அம்மா மூட்டை கட்ட வேண்டும்.

“யார்கிட்டப் போய் ரத்தம் கேப்பேன்?”

“பதினெட்டு வயசு சிங்கம் ஒண்ணு இங்க இருக்கும்மா!”

“நேத்து பல்லியப் பாத்துக் கட்டில் மேல ஏறுச்சே, அந்தச் சிங்கமா?” இது அக்கா.

ஜூன் 8
கொடுத்தாயிற்று. கையில் பிளாஸ்திரி. வலிக்கவே இல்லை.

ஜூன் 12
ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு!

அம்மா சரியான பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். மேனேஜர் நம்பாமல் லேபிளை மாற்றி ஒட்டி மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் அதே பாட்டில்! இனி அந்த மருந்துக்கு முயல் இல்லை. அப்பா கூடத்தில் ஆடினார். பார்த்திருக்க வேண்டாம்.

தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்: ஜெயித்தது அம்மாவின் மூளை, பாய்ந்தது என் ரத்தம்.

ஜூன் 14
முயல்களை வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று எங்கள் வீட்டுக்கு. நண்பர்களைக் கூட்டி, “நாங்க ரெண்டு பேரும் ரத்த சொந்தம்” என்று அறிமுகப்படுத்தினேன். சொந்தம் என் சட்டையில் ஒன்றுக்குப் போய்விட்டு, நேராக அக்கா மடியில் ஏறிக்கொண்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். முயலின் காதைத் தடவிச் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

சரி டைரி, உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். அன்று ஊசியை எடுக்கும் முன் நர்ஸ் கேட்டார்: “இந்த வாரம் காய்ச்சல் மாத்திரை ஏதாவது போட்டீங்களா தம்பி?” போட்டிருந்தால் அந்த ரத்தம் இந்தச் சோதனைக்கு ஆகாதாம். அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். டீயில் முக்கிய காய்ச்சலுக்கு நிஜ மாத்திரை! கூட வந்திருந்த அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிளாஸ்திரி மட்டும்தான் என்னுடையது. நானே ஒட்டிக்கொண்டேன். இன்று பிய்த்தபோது முடியோடு வந்தது. சிங்கம் போட்ட கூச்சலில் முயல் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது.