முகம் கடைசியில்

பிப்ரவரி 19

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நம் இருவருக்கும் பேச வராது. அம்மா அரைமணி நேரம் உன்னிடம் பேசிவிட்டு, "இந்தாங்க, ஒரு வார்த்தை பேசுங்க" என்று என்னிடம் கொடுப்பாள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்ப்பா." அவ்வளவுதான், போன் திரும்ப அவளிடமே போய்விடும். இப்போது திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் கடிதம்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எதிர்வீட்டு டீச்சர் தினமும் வந்து, "மனசு விட்டு அழுதுடுங்க சார், பாரம் குறையும்" என்கிறார். வந்தால் அழமாட்டேனா? பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. தொட்டால் தொடுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. டீச்சர் ஏமாந்துபோய்த் திரும்பிப் போகிறார், பாவம்.

வேலை நடக்கிறது. சிறுவர் பத்திரிகைக்கு உன் பக்கம், அதுதான் உன்னை வைத்து வரைகிற பொடிசு படக்கதை, வாராவாரம் போகிறது. போன வாரம் பொடிசு குடையைத் தொலைத்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட வந்து நின்று, மழையே பெய்யவில்லை என்று அம்மாவிடம் சாதிக்கிறாள். அதில் ஒரு கூத்து நடந்துவிட்டது.

நான் முகத்தைக் கடைசியில்தான் வைப்பேன் என்று உனக்குத் தெரியும். உடம்பு, நாற்காலி, ஜன்னல், பூனை எல்லாவற்றுக்கும் மை போட்டுவிட்டு, தலைகளை வெறும் வட்டமாக விட்டுவைப்பேன். பிறகு அம்மாவைக் கூப்பிடுவேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்று, "இன்னிக்கு என்ன மூஞ்சி வேணும்?" என்பாள். கோபம் என்றால் கோபம், திகைப்பு என்றால் திகைப்பு. அதைப் பார்த்துத்தான் வைப்பேன். போன வாரமும் பழக்க தோஷத்தில் கூப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்திரிகை ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு முகம்கூட வைக்கவில்லை.

அப்படியே அச்சாகிவிட்டது. ஆசிரியரம்மா போன் செய்து, "பிரமாதமான ஐடியா சார்! முகத்தை நீங்களே வரைஞ்சு அனுப்புங்கன்னு குழந்தைங்களுக்குப் போட்டியே வச்சுட்டோம்" என்றார். நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நூலகத்தில் வேலை எப்படிப் போகிறது?

அன்புடன்,
அப்பா

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நூலகத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது அப்பா. இப்போது பஸ் கம்பெனியில் இருக்கிறேன். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிற வேலை. எந்த பஸ்ஸும் அதன்படி கிளம்புவதில்லை, அது வேறு விஷயம். என் மேனேஜர் மத்தியானம் குறட்டை விடுவது வரைக்கும் அம்மாவுக்குத் தெரியும். உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள். நீங்கள் மை போட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள்.

சமைக்கிறீர்களா, இல்லை பிஸ்கட்டிலேயே காலத்தை ஓட்டுகிறீர்களா? பொய் சொல்ல வேண்டாம். டீச்சரிடம் என் நம்பர் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும், ரொம்ப நாளாக உறுத்துகிறது. அம்மா போனபோது வந்திருந்தேனே, இருந்த அத்தனை நாளும் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. டீ கொடுத்தால் டம்ளரைப் பார்த்தீர்கள். கிளம்பும்போது என் பெட்டியைப் பார்த்து, "பத்திரமா போ" என்றீர்கள். பெட்டி பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தது. என் மேல் ஏதாவது கோபமா? இருந்தால் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
பொடிசு

மார்ச் 27

அன்புள்ள பொடிசுக்கு,

கோபமா, உன் மேலா? அதெல்லாம் ஒன்றும் இல்லை. சமைக்கிறேன். டீச்சரிடம் விசாரிக்க வேண்டாம், அவர் கூட்டிக் குறைத்துச் சொல்வார்.

போட்டிக்கு வந்த படங்களை ஆசிரியரம்மா ஒரு சாக்கில் போட்டு அனுப்பிவிட்டார், நான்தான் பரிசு பெறுபவரைச் சொல்ல வேண்டுமாம். கூடத்தில் கொட்டிப் பார்த்தேன். பொடிசுவுக்கு மீசை வைத்திருக்கிறான் ஒருவன். பூனைக்கு அப்பாவின் முகம், அப்பாவுக்குப் பூனையின் முகம் ஒன்றில். ஆனால் அம்மா முகத்தில் மட்டும் யாரும் விளையாடவில்லை. ஒரு அம்மா கண்ணாடி போட்டிருக்கிறாள், இன்னொரு அம்மாவுக்குக் கன்னத்தில் மரு. அவரவர் அம்மாவைப் பார்த்துப் பார்த்து வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். கூடம் முழுக்க அம்மாக்கள். நம் அம்மா மட்டும் அதில் இல்லை.

சரி, நானே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு புள்ளி, கீழே ஒரு வளைவு. அது பத்திரிகை அம்மா. அடித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் இரண்டு புள்ளி, ஒரு வளைவு. கண்ணை மூடினாலும் அதுதான் வருகிறது. முப்பது வருஷம் வாராவாரம் அவளை நிற்க வைத்துப் பார்த்தவன் நான். பார்த்ததெல்லாம் இந்த அளவுக்குத்தான் போலிருக்கிறது. போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் போட்டோக்காரர் சிரிக்கச் சொன்ன சிரிப்பு.

அவள் எதையாவது மனதில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பாளே, அப்போது முகம் எப்படி இருக்கும்? நீ கவனித்திருப்பாய். எழுது.

அப்பா

ஏப்ரல் 11

அப்பாவுக்கு,

இடது புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போகும். கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். "ஒண்ணுமில்லையே" என்பாள். போதுமா?

எனக்கும் அப்படியேதான் போகும். வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்து, "அப்படியே அம்மாவை உரிச்சு வச்சிருக்கு" என்று அழுதார்கள். நீங்கள் மட்டும் டம்ளரைப் பார்த்தீர்கள். இப்போது புரிகிறது. கோபமாகவே இருந்திருக்கலாம், எனக்கு அதுவே தேவலை.

எனக்கு விழுந்த முன்பல் திரும்ப முளைத்த அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "அய்யய்யோ, பல்லு வந்துடுச்சே!" பத்திரிகையில் அவளுக்கு இன்றுவரை முளைக்கவில்லை. நான் பரீட்சையில் தோற்றேன், தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன், ஒருவனைக் காதலித்து அவன் போன பிறகு ஒரு மாதம் நம் வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். நீங்கள் பக்கத்து அறையில் ஓட்டைப்பல் பொடிசுவை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். ஊரே அவளைக் கொஞ்சியது. எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது அப்பா. முப்பத்தாறு வயதில் இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

அம்மா முகம் வேண்டுமென்றால் இங்கே வாருங்கள். என்னிடம் இருக்கிறது. வந்து நேருக்கு நேர் பாருங்கள். முடியாதென்றால் கடிதமும் வேண்டாம், நாம் பழையபடி "சாப்பிட்டியா" என்றே இருந்துவிடலாம்.

உங்கள் மகள்

ஏப்ரல் 30

வருகிறேன். அடுத்த மாதம். ஆசிரியரம்மாவிடம் சொல்லிவிட்டேன். உனக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்று தெரியவில்லை, கேட்டு வைத்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறேன். எழுது.

அப்பா

ஜூன் 15

அன்புள்ள மகளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பூட்டைத் திறந்தால் உள்ளே பூச்சி மருந்து வாடை, டீச்சர் கைங்கரியம். நீ கொடுத்தனுப்பிய கம்பளி எனக்கு ஒரு கை நீளம் அதிகம். மடித்துப் போட்டுக்கொள்கிறேன்.

அன்று உன் சமையலறையில் நீ கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்ன மூஞ்சி வேணும்?" என்று கேட்டாய். வேண்டுமென்றே கேட்டாயா, வாயில் வந்துவிட்டதா என்று தெரியாது. நான் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டேன். "ஒண்ணும் வேணாம், சும்மா உட்காரு" என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக முகத்தை முதலில் வைத்தேன்.

புருவத்தில் ஆரம்பித்தேன், நீ எழுதியிருந்தபடி. உங்கம்மா வந்துவிடுவாள் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். நீ, "வந்துச்சா?" என்றாய். "வரல" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நீ எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாய். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாய். மீதி நாட்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை நாம். விமான நிலையத்தில் உன்னைப் பார்த்துத்தான் விடைபெற்றேன். கவனித்தாயோ என்னவோ.

சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லிவிடுகிறேன். உங்கம்மா வரவில்லை என்பது நிஜம். புருவம் அவளுடையது. ஆனால் கண்ணுக்குக் கீழே ஒரு சோர்வு, அவளுக்கு அது கிடையாது. நெற்றியில் நடுவில் ஒரு கோடு, அது என்னுடையது. முகவாயில் ஒரு பிடிவாதம் இருக்கிறது, அது யாருடையது என்று தெரியவில்லை, நீயே சம்பாதித்ததாக இருக்கும். வரைய வரைய அவள் போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் காகிதத்தில் இருந்தது நீ. எனக்கு அறிமுகமில்லாத ஒரு பெண்பிள்ளை, முன்பல்லெல்லாம் இருக்கிறது. பயந்துபோய்த்தான் மடித்து வைத்தேன்.

பொடிசுவை நிறுத்திவிட்டேன். ஆசிரியரம்மா மூக்கைச் சிந்தினார், வாசகர் கடிதம் குவியும் என்று பயமுறுத்தினார், பிறகு ஒப்புக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் அம்மா முகம் வட்டமாகவே இருக்கிறது. இந்தத் தடவை மறதி இல்லை.

இப்போதும் அழுகை வரவில்லை. மரத்த கன்னம் மரத்தபடிதான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் லேசாகக் குத்த ஆரம்பித்திருக்கிறது.

உன் படத்தை மேஜையில் வைத்திருக்கிறேன். மூக்கு சரியாக வரவில்லை. அவசரத்தில் பார்த்தது. இன்னொரு தடவை உட்காருவாயா?

அப்பா