கட்டை சொருகிய பொத்தான்

என் சின்னா,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் போன் அடித்தது. ஒரு பெண் குரல். "என்னப்பா, இந்த வாரமும் கவுன்சிலிங்குக்கு வரலையே?" என்றது. நெஞ்சு வலி வந்து கம்பெனியிலேயே நீ போய்விட்டாய் என்று சொன்னேன். "நீங்க அக்காவா? உங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தாரே" என்றார்.

எதற்குக் கவுன்சிலிங்? அவரைப் பார்க்க மத்திகிரியில் டவுன் பஸ் ஏறும்போதுகூட எனக்குத் தெரியாது. நீ போனில் பணம் வைத்து ரம்மி ஆடினாய் என்று அந்த மேடம் சொன்னபோது, வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரே வீட்டில் ஒரே சட்டிச் சோறு தின்றோமே, சின்னா.

"அந்த ஆட்டத்தைப் பாம்புன்னு நினைச்சுக்கோ" என்று முதலில் சொன்னாராம். நீ சிரித்தாயாம். "எங்க ஊட்ல புத்துக்குப் பால் ஊத்துவோம் மேடம். வேற ஏதாச்சும் சொல்லுங்க."

"அப்ப நீயே சொல்லு" என்றிருக்கிறார்.

நீ கம்பெனியில் தகடு அடிக்கும் உன் பிரஸ் மிஷினைச் சொன்னாயாம். ரெண்டு பொத்தானையும் ரெண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் அது இறங்கும். கை உள்ளே மாட்டாது. அவசரக்காரன் ஒரு பொத்தானில் கட்டையைச் சொருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவான்.

"அந்த இன்னொரு பொத்தான் எங்கக்கா, மேடம். ஆட உட்கார்ந்துட்டு ஓவர்டைம், ஓவர்டைம்னு சொல்லியே கட்டை சொருகிட்டேன். கூட்டிகினு வர்றேன், நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது."

எனக்கு அழுகைகூட வரவில்லை. அவர் கொடுத்த டீ ஆடை கட்டிப் போனது. நான் கேட்கவே இல்லையே என்று நினைத்தேன். இல்லை, கேட்டேன். நீ சொன்னதை நம்பினேன்.

இதை அங்கே வருகிறவர்களுக்குச் சொல்லலாமா என்று மேடம் கேட்டார். உன் பேரைச் சொல்லாமல் சொல்லுங்கள் என்றேன். போன வாரம் தளியில் பூ வியாபாரம் செய்யும் ஒருத்தர் அதைக் கேட்டுவிட்டு, "எனக்கு அந்தப் பொத்தான் எம் பொண்டாட்டி" என்றாராம். வரும் சனிக்கிழமை அவளைக் கூட்டி வருகிறார். அவள் பக்கத்தில் நான் உட்காருவேன், சின்னா. அந்தப் பெண்ணை என்னைப் போலத் தனியாக இதைக் கேட்க விடமாட்டேன்.

கடைசி ஷிப்டுக்குக் கிளம்பியவன் வாசலில் நின்று ரெண்டு தரம் "அக்கா" என்றாய். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல, குழம்பு நல்லா இருந்துச்சு" என்று போய்விட்டாய்.

கட்டையை உருவத்தான் அப்படிக் கூப்பிட்டாயா?

உன் கூடப் பிறந்தவள்,
அக்கா