செயலாளர் தோளில் இருக்கும் கை

அனுப்புநர்:
கனகவல்லி,
சமையல்,
இந்திய மாணவர் விடுதி, டார்ம்ஸ்டாட்.

பெறுநர்:
டாக்டர் சேதுராமன் அவர்கள்,
செயலாளர், விடுதி மன்றம்.

பொருள்: பேஸ்பால் படத்திலிருந்து கோபாலனை வெட்டியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா,

1. நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். பிழை இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு விஷயத்தைப் படிக்க வேண்டுகிறேன்.

2. கூடத்தில் தாங்கள் மாட்டியுள்ள "நமது ஆதி பேஸ்பால் வீரர்கள்" வரலாற்றைப் படித்தேன். ஆட்டத்துக்கு ஒன்பது பேர். பட்டியலில் எட்டுப் பெயர், எட்டும் டாக்டர்கள். விடுபட்டவர் பட்டறையில் லேத் ஓட்டும் கோபாலன்.

3. 1966 ஜூலையில் அமெரிக்கச் சிப்பாய்களோடு நடந்த முதல் ஆட்டத்தைச் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்து பார்த்தவள் நான். கிரிக்கெட் நினைப்பில் பதினொரு பேராகப் போய் இறங்கினீர்கள். இருவரைத் திருப்பி அனுப்பினார்கள். தாங்கள் பந்தை அடித்துவிட்டு, ரன் வேண்டாமென்று மட்டையை ஊன்றி நின்றீர்கள். "ஓடுங்க சார், இங்க அடிச்சா ஓடியே ஆகணும்!" என்று கோபாலன் கத்தினார். தாங்கள் அவரைக் கையமர்த்தினீர்கள். அவுட். வரலாற்றில் இது "நிதானமான ஆட்டம்" என்றிருக்கிறது. மறுக்கவில்லை. அன்று தங்களைவிட நிதானமாக நின்றது கொடிக்கம்பம் மட்டுமே.

4. கடைசிப் பந்தைக் கோபாலன் பிடித்ததால்தான் ஒரு ரன்னில் ஜெயித்தோம். கையுறை தோதுப்படாமல் கழற்றி வீசிவிட்டு, வெறுங்கையால் பிடித்தார். சுண்டுவிரல் முறிந்தது. கையைத் தொங்கவிட்டால் வலித்ததால், போட்டோ எடுக்கும்போது தங்கள் தோளில் வைத்துக்கொண்டார். வரலாற்றில் "பந்து பிடிக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது, ஏதோ தானாகவே வந்து பிடிபட்டதுபோல.

5. கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அந்தப் போட்டோவின் ஓரத்தை வெட்டியிருக்கிறீர்கள். ஆள் போய்விட்டார், கை போகவில்லை. வீங்கிய சுண்டுவிரலோடு இன்னும் தங்கள் தோளில்தான் இருக்கிறது. விருந்தினர் யாராவது கேட்டால் யாருடைய கை என்று சொல்வீர்கள்?

6. கோபாலன் வரும் வெள்ளிக்கிழமை ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். அவராக எதுவும் கேட்க மாட்டார். நேற்று அந்தப் படத்தின் முன் நின்று, தன் கையை அந்தக் கையோடு ஒப்பிட்டுச் சிரித்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்தவர், ரசம் வேண்டாமென்று எழுந்துவிட்டார். எட்டு வருஷத்தில் அவர் ரசம் வேண்டாமென்றது இதுவே முதல் தடவை.

ஆகவே, வியாழக்கிழமைக்குள் முழுப் படத்தை மாட்டி அவர் பெயரை எழுத வேண்டுகிறேன். முழுப் படம் ஒன்று என் அரிசி டின்னுக்கு மேலே இருக்கிறது, தருகிறேன். அதுவும் முடியாதென்றால், தோளில் இருக்கும் கையையாவது கத்தரித்துக் கொடுத்துவிடுங்கள். அது அவருடையது. ஊருக்குக் கொண்டு போகட்டும்.

தங்களுக்கும் சேர்த்துச் சோறு வடிக்கும்,
கனகவல்லி

இடம்: டார்ம்ஸ்டாட்
நாள்: 9.9.1974