பேட்ஜ் நெஞ்சில்தான் இருந்தது

இன்று காலை என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. "எனக்கு வழங்கப்பட்ட கதிர்வீச்சு பேட்ஜை எக்ஸ்ரே அறையிலேயே மறந்து வைத்துவிட்டேன். அதனால் இம்முறை ரீடிங் அதிகமாக வந்துள்ளது. இனி கவணமாக இருப்பேன்." வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதியது. அவசரத்தில் நான் போட்ட மூன்று சுழி 'ண'கூட அப்படியே இருக்கிறது. முதலில் இதை உனக்காகத்தான் எழுதினேன். உன் பெயர் இருந்த இடத்தில் இப்போது ரஹ்மானின் பெயர். உன் வேலையில் இப்போது அவர்தான் இருக்கிறார்.

நாம் இருவரும் அடையாறில் இந்த மருத்துவமனையில் ஒரே மாதம் சேர்ந்தோம். இதய அடைப்பை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே சரிசெய்யும் கேத் லேபில் நீ டெக்னீஷியன். நான் இயற்பியல் படித்துவிட்டு, அந்தக் கதிர் அங்கே வேலை செய்பவர்கள் மேல் அளவுக்கு மீறிப் படாமல் பார்த்துக்கொள்ள வந்தவள். அதனால் எனக்கு நீ வைத்த பெயர் 'பிசிக்ஸு'. மந்தைவெளியில் ஷேர் ஆட்டோவில் ஏறும்போதே தொடங்கிவிடுவாய். நான் வாய் தவறி "எங்காத்துல" என்று சொல்லிவிட்டால் போதும், "எந்த ஆத்துலடி, அடையாத்துலயா, கூவத்துலயா?" என்பாய். ஆட்டோக்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

உடம்பில் பட்ட கதிரை அளக்கும் உன் பேட்ஜில் ரீடிங் அதிகமாக வந்த அன்று, நான் கேட்ட முதல் கேள்வி, "எங்கடி மாட்டி வெச்ச?" என்பதுதான். எங்கள் தொழிலில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். கோட்டோடு சேர்த்து பேட்ஜையும் அறையிலேயே மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. ஆள் இல்லாமலே பேட்ஜ் கதிரை வாங்கிக்கொண்டிருக்கும்.

"எங்கயும் மாட்டல. ஏப்ரனுக்கு உள்ள, நெஞ்சுலதான் கீது, பாரு" என்று, கதிரைத் தடுக்கப் போட்டிருந்த ஏப்ரனை விலக்கிக் காட்டினாய்.

அடுத்த வாரம் கதிர் பாதுகாப்பு ஆய்வுக்கு ஆட்கள் வரவிருந்தார்கள், ரீடிங்குக்குக் காரணம் கேட்பார்கள். நான் அந்தக் கடிதத்தை அடித்து நீட்டினேன். ஃபார்மாலிட்டிதான், கையெழுத்துப் போட்டுவிடு என்றேன்.

"நான்தான் மறக்கலியே, பிசிக்ஸு."

"மறதி ஒண்ணும் பெரிய தப்பில்லடி."

"சரி, உனக்கோசரம் போடறேன்" என்று பேனாவை வாங்கினாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஈயம் கலந்த அந்த ஏப்ரன்களை வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயில் வைத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். அந்த வருடம் நான் பார்க்கவில்லை. பார்த்ததாக டிக் அடித்திருந்தேன். உன் உயரத்துக்குப் பொருந்தியது ஒரே ஒரு ஏப்ரன், இருப்பதிலேயே பழையது. மடிக்காதே என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தும், யாராவது அதை மடித்து நாற்காலியில் போட்டிருப்பார்கள். ஆய்வெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அதை மட்டும் தனியாக எடுத்துப் போய்ப் பார்த்தேன். சரியாக நீ பேட்ஜ் குத்தும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

பேட்ஜ் பொய் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. நான் சத்தம் போடாமல் ஏப்ரனைக் கழித்துக்கட்டி, புதிது வாங்க எழுதிப் போட்டேன். அது வந்த அன்று மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, "புதுப் பொடவ மாதிரி கீதுடி" என்றாய். சொல்லியிருக்க வேண்டிய நாள் அதுதான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சில வருடங்கள் கழித்து உன் மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. அந்த ரீடிங்கை வைத்து எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்திருப்பேன்! அவ்வளவு சின்ன அளவால் அந்த நோய் வந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றுதான் ஒவ்வொரு முறையும் வரும். இல்லவே இல்லை என்று மட்டும் வராது. நான் படித்த படிப்புக்கு அந்த ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

வார்டில், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்த நீ கேட்டாய். "அன்னிக்கு அந்த பேட்ஜ் மேட்டரு... அதனாலயாடி?"

"சீ, அது நீ மறந்து வெச்சதுதானே" என்றேன். உன்னிடமே சொன்னேன். பாவி நான்.

நீ கோபப்படவில்லை. "நான் மறக்கலடி. நீதான் மறந்தாப்ல கீற" என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த ஆரஞ்சை எனக்குப் பாதி கொடுத்தாய். வாங்கித் தின்றேன். அதற்குப் பின் மூன்று வாரம் இருந்தாய். தினமும் வந்தேன், தினமும் வேறு ஏதோ பேசினேன்.

இன்று ரஹ்மானைக் கூப்பிட்டு, இதில் இருப்பது உண்மையா என்று கேட்டேன். "நான் மறக்கல மேடம். ரீடிங் ஜாஸ்தியா வந்தா இதுலதான் கையெழுத்துப் போடணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அவருடைய ஏப்ரனை என் கையாலேயே எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தேன். விரிசல் இல்லை. வேறெங்கே கசிகிறது என்று நாளை முதல் தேட வேண்டும்.

பிறகு உன் பழைய ஃபைலை எடுத்து, அதில் சேர்க்க ஒரு கடிதம் எழுதினேன். "பேட்ஜ் அவர் நெஞ்சில்தான் இருந்தது. ஏப்ரனைச் சோதிக்காமலே சோதித்ததாக எழுதியது நான். மறந்ததாக அவரைக் கையெழுத்துப் போட வைத்ததும் நான்."

நிர்வாக அதிகாரி இரண்டு முறை படித்தார். "அவங்கதான் போய்ட்டாங்களே மேடம். இப்ப போயி எதுக்கு? உங்க வேலைக்கே உலை வெச்சிரும்."

வைக்கட்டும் என்றேன். சீல் குத்தித் தரும்வரை நின்று வாங்கிக்கொண்டேன். நகல் என் பையில் இருக்கிறது, வார்டில் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலாக.

நானும் மறக்கலடி.