இடப்பக்கத்துப் பச்சை

தண்டையார்பேட்டை,
ஜூன் 12

அன்புள்ள மச்சானுக்கு, ஜஸீமா ஸலாம் சொல்லி எழுதுவது.

கடல் இப்போது அமைதியாக இருக்கிறதா? எஞ்சின் அறைச் சூட்டில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் மாமியும் நலம். மாமிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. டாக்டருக்குச் சந்தோஷம். மாமிக்கு இல்லை. பேரீச்சம்பழத்தை எடுத்து ஒளித்து வைத்தேன் என்று, "எங்க வூட்லயே எனக்கு ரேஷனா?" என மாடிவரை கேட்கக் கத்தினார்.

படம் அனுப்பினால் கப்பலில் திறப்பதில்லை என்று நீங்கள் சொன்னதால் எல்லாவற்றையும் எழுத்திலேயே சொல்கிறேன், கொஞ்சம் நீளும். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

மார்ச்சில் நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், இல்லாத விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதரை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்றேன். நீங்கள் பெட்டியைக் கட்டப் போய்விட்டீர்கள். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படி என்னதான் செய்தீர்கள் என்று பார்க்கத்தான் திறந்தேன்.

திரையில் அந்த விமானம் தோலுரித்துப் பாயில் காயப்போட்டது போலத் தட்டையாகக் கிடந்தது. இறக்கை ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். அதில் நிறம் பூசினால், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்குள் போனதும் முழு விமானமாக மடிந்து பறக்கிறது. இதை நீங்கள் எனக்கு எத்தனையோ தடவை விளக்கியிருப்பீர்கள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உம் கொட்டியிருப்பேன்.

உங்கள் குறிப்புகளையும் படித்தேன். எழுபத்தொன்றாம் வருஷப் பாகிஸ்தான் போருக்குக் கொஞ்சம் முன்னால், வெள்ளியாய் மின்னிய மிக் போர் விமானங்களுக்கு அவசரமாகப் பச்சை பூசிய கதையை எழுதியிருந்தீர்கள். கையில் கிடைத்த பெயின்ட், கைக்கு வந்த வடிவம். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. உங்கள் விமானத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் வலப்பக்கம் மட்டும். முன்னால் நான்கு பணியாளர்கள் நிற்கிறார்கள். இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு, "தெரியவில்லை, ஊகிக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். மச்சான், அந்த வரியைப் படித்ததும் உங்கள் மேல் எனக்குப் புதிதாக ஒரு மரியாதை வந்தது.

ஆனால் சிமுலேட்டருக்குப் பழைய விமானங்களைச் செய்யும் உங்கள் குழுவை நடத்தும் பெங்களூர் ஃப்ரெடி ஒரு செய்தி போட்டிருக்கிறார். ஆகஸ்ட் கடைசிக்குள் இடப்பக்கம் வராவிட்டால், வலப்பக்கத்தையே திருப்பிப் போட்டு வெளியிட்டுவிடுவார்களாம். நீங்கள் அதைப் பொறுக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. பெயின்ட் உரிந்த மாதிரி நீங்கள் போட்டதெல்லாம் தப்பு. வெள்ளத்துரை அண்ணாச்சி பெயின்ட் கடையில் ஒன்பது வருஷமாகக் காசிமேட்டுப் படகுகளுக்கு நிறம் கலந்து கொடுக்கிறேன். அடியில் பிரைமர் இல்லாமல் பூசினால் எங்கே உரியும் என்று எனக்குத் தெரியாதா? கை படும் இடம், கால் வைக்கும் இடம், காற்று நேராக அறையும் விளிம்பு. நீங்கள் அழகுக்காக வயிறெல்லாம் உரித்து வைத்திருக்கிறீர்கள். திருத்திவிட்டேன். பழையதும் பத்திரமாக இருக்கிறது, பயப்படாதீர்கள்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் அடியில் மையில் நான்கு பெயர்கள் எழுதியிருக்கின்றன. ஒன்று, "பக்தவச்சலம், மெட்ராஸ்". அவரைத் தேடப்போகிறேன். சிரிக்காமல் துஆ செய்யுங்கள்.

உங்கள் ஜஸீமா


ஜூலை 6

அன்புள்ள மச்சான்,

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். உங்கள் பதில் வந்தது. "உரிசல் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி" என்ற வரியை மாமிக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

பக்தவச்சலத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்! முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒருவர் இன்னொருவரைக் காட்ட, மூன்றாவது போனில் விலாசம் கிடைத்தது. எங்கேயோ இல்லை, திருவொற்றியூர் காலடிப்பேட்டையில்தான் இருக்கிறார். வயது எழுபத்தைந்து. விமானப்படையை விட்டு வந்து எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஏரோப்ளேன் கதையா? அதெல்லாம் மறந்து பூட்ச்சு. போம்மா" என்றார். உள்ளே இருந்து அவர் மனைவி பட்டம்மாள், "மறந்து பூட்ச்சாம்! காத்தால எந்திரிச்சா அதத்தான பேசிக்கினு கீற? நீ உள்ள வாம்மா" என்றார்.

அப்புறம் அவர் பேசியதை நிறுத்த முடியவில்லை. "ரெண்டு நாள்ல நாலு ஏரோப்ளேன். ஸ்ப்ரே கன்னு ஒண்ணே ஒண்ணு, அதுவும் அடச்சிக்கிச்சு. பிரஷ்ஷு பத்தாம தொடப்பத்தக்கூட எடுத்தோம்மா" என்றார். அவர் பொறுப்பில் இருந்த விமானத்துக்கு இடப்பக்கம் வால் அருகே வரும்போது பச்சை தீர்ந்துபோனது. ஏணிக்கும் தள்ளுவண்டிக்கும் பூசுகிற மஞ்சள் பெயின்ட் இருந்தது, எண் எழுதுகிற கறுப்பும் இருந்தது. இரண்டையும் வாளியில் கலந்து பூசியிருக்கிறார். அதிகாரி வந்து, சாணி மெழுகியது போல இருக்கிறதே என்று எல்லோர் முன்னாலும் இந்தியில் திட்டினாராம். திருத்துவதற்கு நேரமில்லை. அந்த விமானம் அப்படியே போருக்குப் போய், ஒவ்வொரு தடவையும் பத்திரமாகத் திரும்பி வந்தது. "வர்ற வரைக்கும் ஓடுபாதையவே பாத்துக்கினு நிப்பேன். சோறு எறங்காது" என்றார்.

அவருக்கு வருத்தம் அதிகாரி திட்டியதில் இல்லை. ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை வருமா என்று சங்கத்தில் சிரித்தார்கள். சொந்த மகனே சிரித்தான். அன்றோடு வெளியில் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

"வரும் ஐயா" என்றேன் நான். நிறம் கலக்குகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தானே? அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "மெய்யாலுமா?" என்றார்.

அடுத்த ஞாயிறு, கடையிலிருந்து மஞ்சளும் கறுப்பும் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி, "ஏளா, ஏரோப்ளானுக்கே பெயின்ட் சப்ளை பண்ணுத அளவுக்கு நம்ம கடை வளந்துட்டாக்கும்?" என்று சிரித்தார். காலடிப்பேட்டை வாசலில் வெயில் படும்படி ஏழு டப்பா மூடிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்தேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாவது மூடியை இழுத்துக்கொண்டார். என் கையிலிருந்த குச்சியை வாங்கி, இன்னும் ஒரு சொட்டுக் கறுப்பு விட்டுக் கலக்கினார். "இத்தான்" என்றார்.

பட்டம்மாள் குனிந்து பார்த்து, "அட, பச்சையாதான் கீது! அம்பது வருசமா நானும் இந்த மனுசன் புளுவுறார்னுதான நெனச்சிக்கினு கீறேன்" என்றார். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எந்த இடத்தில் நிறம் மாறியது என்று கேட்டேன். நான் அச்செடுத்துப் போன தட்டைப் படம் அவருக்குப் பிடிபடவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு சுரைக்காயைக் கொண்டுவந்து, அதன் மேல் பேனாவால் எல்லையை வளைத்து வளைத்து வரைந்தார். நான் அதை எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு பட்டம்மாள் அதைத் தோல் சீவிக் கூட்டு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்.

மெதுவாகத்தான் வேலை நடக்கிறது. ஆனால் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் வேலையைச் செய்யும்போது, நீங்கள் பக்கத்து அறையில் இருப்பது போல இருக்கிறது.

உங்கள் ஜஸீமா


ஆகஸ்ட் 10

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

மாமிக்கு இருமல் விட்டுவிட்டது. நீங்கள் கேட்ட மீட்டர் பலகையை மாற்றியாயிற்று. இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

நான் இடப்பக்கத்தை முடித்து அனுப்பியதை ஃப்ரெடி ஏற்கவில்லை. மரியாதையாகத்தான் எழுதினார். ஒரு வயதானவரின் நினைவையும் ஒரு சுரைக்காயையும் ஆதாரமாக வைக்க முடியாது, திருப்பிப் போடுவதே பாதுகாப்பு என்றார். எனக்குக் கோபம் வந்தது. உடனே பதில் எழுதினேன். ஊகிக்கக்கூடாது என்பதுதான் என் கணவரின் விதி, பூசிய மனிதர் உயிரோடு இருந்து சொல்லும்போது வலப்பக்கத்தைத் திருப்பிப் போடுவதுதான் ஊகம் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் தோஸ்துகளிடம் உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ஃப்ரெடி நல்ல மனிதர், மச்சான். சும்மா இருக்கவில்லை. முதல் படத்தைக் கொடுத்தது அந்த விமானத்தை ஓட்டிய விமானியின் கோயம்புத்தூர்க் குடும்பம். அவர்களிடம் கேட்டு, பழைய ஆல்பத்தை முழுக்கத் தேடச் சொல்லியிருக்கிறார். அந்த விமானியின் மகள் ஒரு படத்தைக் கண்டுபிடித்து அனுப்பினார். யாரோ ஒரு நாயைப் படம் எடுத்திருக்கிறார்கள். பின்னால் நம் விமானம், இடப்பக்கம் காட்டி நிற்கிறது. வால் அருகே நிறம் மாறுகிறது, கறுப்பு வெள்ளையிலும் அது தெரிகிறது. சுரைக்காயில் போட்ட அதே இடம், அதே வளைவு!

கடையில் சொல்லிவிட்டுக் காலடிப்பேட்டைக்கு ஓடினேன். பக்தவச்சலம் ஐயா போனை வாங்கிப் பார்த்து, "அட, நம்ம டைகருடா!" என்றார். முதலில் நாய்தான் அவர் கண்ணில் பட்டது. அப்புறம்தான் விமானத்தின் வாலைப் பெரிதாக்கிப் பார்த்தார். பட்டம்மாள் அவர் தோளில் கை வைத்தார். நான் பூசியதையும் போனில் காட்டினேன். "கோடு இன்னும் கொஞ்சம் கீழ எறங்கி வளையும்மா. நீ நேரா போட்டுக்கீற" என்று என்னைத் திருத்தினார். படத்தைத் தன் மகனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் மகன் போன் செய்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஐயா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "சர்தான், சர்தான் வுடு நைனா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நேற்று இருவரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். ஐயா தேய்த்த சட்டை போட்டிருந்தார். அந்த விமானத்தில் ஒரே ஒரு இருக்கை. உள்ளே உட்கார்ந்து துடைத்திருக்கிறார், ஒரு நாளும் பறந்ததில்லை. உங்கள் நாற்காலியில் உட்காரவைத்து, விமானம் ஓட்டும் ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தேன். முதல் தடவை திரையில் விமானம் மீனம்பாக்கத்து ஓடுபாதையை விட்டு இறங்கிப் புல்லில் போய் நின்றது. இரண்டாவது தடவை மேலே எழும்பியது. பட்டம்மாள் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாமி, "நம்ம வூட்டு மேல ஒரு தபா போவச் சொல்லு" என்றார். துறைமுகத்தைத் தாண்டி, ராயபுரம் தாண்டிப் போய், காசிமேட்டுக்கு நேரே கடலில் விழுந்தது. நாங்கள் நான்கு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அவர் பறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விமானத்தைத் தரையில் நிறுத்தி, இடப்பக்கமாகத் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இருபத்தைந்தாம் தேதி வெளியிடுகிறார்கள். பெயர்ப் பட்டியலில் நீங்கள், நான், நிறம் கலந்தவர் என்று பக்தவச்சலம். ஃப்ரெடி அடுத்த விமானத்துக்கு ஆள் கேட்டார். இரண்டு இருக்கை உள்ள பயிற்சி விமானமாம். நானும் என் கணவரும் எடுத்துக்கொள்கிறோம், அவர் ஊர் திரும்பியதும் நவம்பரில் தொடங்குவோம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான்.

கப்பலில் இன்னும் நான்கு மாதம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அடுத்த வரியில் தேடினேன். அங்கே சமையற்காரர் இட்லி சுட்ட செய்தி இருந்தது. உங்கள் விருப்பம் எதுவானாலும் எனக்குச் சம்மதம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டேன்.

அல்லாஹ் கடலைச் சாந்தமாக வைத்து, முதலில் சொன்ன தேதியிலேயே உங்களை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும். மாமியும் ஆமீன் சொல்கிறார்.

உங்கள்
ஜஸீமா