வேரோடு வந்த ராவணன் மீசை

ஆடி மாதம், வெள்ளி இரவு.

கோட்டை வைத்தியர் புல் வகைகளைக் காகிதத்தில் ஒட்டித் தம் நாடான ஒல்லாந்துக்கு அனுப்புகிறார். வேரும் வேண்டும் என்றார். அதற்காகப் போன வாரம் கடலோர மேட்டில் படர்ந்திருந்த ராவணன் மீசைப் புல்லை மொத்தமாகப் பிடுங்கினேன். இன்று அந்த வழியே போனால், மேட்டடியில் மீனவப் பெண் பொன்னம்மாளின் குடிநீர் ஊற்று மணல் மூடிக் கிடக்கிறது. கையால் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“இன்னா காத்து பாருங்க ஐயா! மணலைப் புடிச்சிருந்த புல்லை வேரோட பிச்சிக்கினு பூட்ச்சு,” என்றாள்.

“ஆடிக் காத்தாச்சே,” என்று சொல்லி நடந்துவிட்டேன். பாவி நான்.

சாயங்காலம் வைத்தியர், ஒரு வேர்கூட அறுபடவில்லை என்று மெச்சினார். காகிதத்தின் அடியில் புல்லின் பெயர், ஊர், மாதம் எல்லாம் எழுதினார். பறித்தவர் என்று என் பெயரையும் எழுதிவிட்டார்.